இடது கை

என் இடது கை வலது கையைவிடக் கறுப்பு.
பதினொரு வருஷமாய் வின்னிபெக்கில் பஸ் ஓட்டுகிறேன்,
சாரதி ஜன்னல் இடப்பக்கம்.
மேசையில் இரண்டையும் சேர்த்து வைத்தால்
வேறு வேறு ஆட்களிடம் கடன் வாங்கியவை போலிருக்கும்.

இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த அன்று
டொக்டர் ஃப்ரீசன் இரண்டு தரம் கேட்டாள்:
வெயில் படுவதே இல்லையா?
பதிலுக்குக் கையை நீட்டினேன்.
காலையில் டவுண்டவுன் நோக்கி வரும்போது
போர்ட்டேஜ் அவென்யூ முழுக்கக் கண்ணில் குத்தும் வெயில்,
பின்னேரம் திரும்பி மேற்கே போனால்
அங்கேயும் எனக்கு முன்னால் வந்து நிற்கும் வெயில்.
என்னைவிட வெயிலைப் பார்த்தவள் இந்த நகரத்தில் யார்?

இருபத்திரண்டு, என்றாள்.
ஐம்பதாவது இருக்கவேண்டும்.
படியேறினால் தொடை நோவதும்
இரவில் இடுப்பெலும்பு முனகுவதும்
அந்த இலக்கத்துக்குள் இருந்தன.

பிறகுதான் விளங்கப்படுத்தினாள்.
தோலைக் கறுக்கவைக்கும் கதிரைக் கண்ணாடி உள்ளே விடும்.
தோலுக்குள் விற்றமின் சமைக்கும் கதிரை
வாசலிலேயே நிறுத்திவிடும்.
நான்கூட அப்படிச் செய்வதில்லை.
மைனஸ் முப்பதில் காசில்லாமல் ஏறுபவனிடம்
ஒன்றும் கேட்காமல் கதவைச் சாத்திக்கொண்டு ஓட்டுவேன்.

அதோடு உங்கள் தோல், என்று தொடங்கி
சொல் தேடினாள்.
கறுப்பு என்று சொல்லுங்கோ, அது வசைச்சொல் இல்லை, என்றேன்.
சிவந்துபோனாள்.
உச்சிவெயில் கொளுத்தும் நாட்டுக்கென்று
குடையோடு பிறந்த தோல்.
இங்கே வந்து இத்தனை காலமாகியும்
மடக்கத் தெரியவில்லை அதற்கு.

ஜனவரியில் ஒருநாள்
ஆற்றுப்பாலத்தின் மேல் மூன்று சூரியன்கள் நின்றன,
நடுவில் ஒன்று, இரு பக்கமும் இரண்டு,
பனித்துகள் காட்டும் வித்தை.
பயணிகள் எல்லோரும் ஃபோனை உயர்த்தினார்கள்.
நான் கணக்குப் போட்டேன்:
மூன்றும் சேர்ந்தாலும் ஒரு சொட்டு ஊறாது.
வெளிச்சத்துக்குக் குறைவில்லை, கண் கூசுகிறது,
சாய்ந்து வருகிறது, அதுதான்.
நெடுந்தூரம் காற்றுக்குள் நடந்து
கொண்டுவந்ததையெல்லாம் வழியிலேயே கொட்டிவிட்டு
வெறுங்கையோடு வந்து சேர்கிற வெயில்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு குளிசை.
ஞாயிறுதோறும் ஒரு சின்ன ஞாயிற்றை
தேத்தண்ணியோடு விழுங்குகிறேன்.

நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பார்கள்.
டொக்டர் சொன்னது மறுதலை:
வெயிலின் தரம் நிழலில் தெரியும்.
உன் நிழல் உன்னைவிட நீளமா,
வீட்டுக்குள் போ, பெரிதாய் ஒன்றும் கிடைக்காது.
டிசம்பர் உச்சியில்
ஐந்தடி இரண்டங்குலக்காரி எனக்கு
பதினேழு அடி நிழல்.
அவ்வளவு பெரிய ஆளாய் நான் எங்கேயும் இருந்ததில்லை.

ஏப்ரல் ஆறு.
கடைசித் தரிப்பில் ஏழு நிமிஷ ஓய்வு.
மணி ஒன்றரை; இங்கே கோடைக்கணக்கு நேரத்தில்
சூரியனுக்கு அப்போதுதான் மத்தியானம்.
அழுக்குப் பனிக்குவியலோரம் நேராய் நின்றேன்.
மற்ற பஸ்காரி மரிசெல்
என் நிழலின் தலையில் தன் பூட்ஸால் கோடு கிழித்தாள்.
பிறகு என் உயரத்துக்குக் கயிறு பிடித்தாள்.
நாலு விரல் குட்டை!
வேலை கிடைத்ததுபோல் இருவரும் கத்தினோம்.

ஜாக்கெட்டுக்குள்ளிருந்து வலது கையை மட்டும் உருவி
தோள்வரை சுருட்டி
நாலு டிகிரிக் குளிருக்குள் நீட்டிக்கொண்டு நின்றேன்.
ஒரு கை, ஏழு நிமிஷம், இந்தத் தோல்:
காணாது, தெரியும்.
மயிர்கள் எழுந்து நின்றன.
கண்ணாடி இல்லாமல் தொட்டது
என்னவென்று கைக்கு உடனே பிடிபடவில்லை.

பஸ்சுக்குள்ளிருந்து ஒரு கிழவன் தட்டினான்,
வெளிக்கிடுவதில்லையா?

பொறு ஐயா,
வெயில் ஏறிக்கொண்டிருக்கிறது.