எந்தப் பக்கத்து இடது

முந்நூற்று நாற்பது டாலர்.
பள்ளிப் பேருந்து ஓட்டுகிற கையில்
அவ்வளவுதான் மிஞ்சியது,
அதுவும் ஆறு மாதம் வறுவல் பொட்டலம் வாங்காமல்
வீட்டு ரொட்டியையே தின்றதில்.

ஹோபர்ட்டின் அடகுக் கடையில்
மான் துப்பாக்கிகளுக்கும் மரம் அறுக்கும் ரம்பங்களுக்கும் மேலே
கழுத்தில் மாட்டித் தொங்குகின்றன
பதினோரு கிதார்கள்.
ஒவ்வொன்றும் எவருடையதோ
வாடகை பாக்கி.

முதலில் எடுத்தவள் மெல்லிடையாள்.
விளிம்பெல்லாம் கிளிஞ்சல் மினுக்கு,
வருடினால் தேன்.
"மேல்பலகை ஒட்டுப்பலகை, ஒனைடா"
என்றான் ஹோபர்ட்,
விற்கிறவன் சொல்லக் கூடாததை.

அடுத்தது ரோஸ்வுட் முதுகு.
ஒரு தந்தியைத் தொட்டால்
கடையே கிணறாகி முழங்கியது.
அங்கேயே விழுந்துவிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

மூன்றாவதை அவனே காட்டவில்லை,
நான்தான் கேட்டேன்.
அகன்ற உடம்பு, மேலே முழு ஸ்ப்ரூஸ் பலகை,
அடிவயிற்றில் பசை வைத்துத் தேய்த்த விரிசல்,
முதுகில் பெல்ட் கொக்கி கிறுக்கிய கோடுகள்.
ஒற்றைக் கண்ணை மூடி
கழுத்தின் நெடுகப் பார்த்தேன், கோணல் இல்லை.
பாலத்தின் பின்விளிம்பில் ரசீதுத் தாளைச் செருகினேன்,
நுழையவில்லை.
குரல் மட்டும் காய்ந்த சுள்ளி.

ஆனால் சத்தமில்லாத கடை பொய் சொல்லும்.
வெளியே வண்டியில் டிரெஸ்ஸி இருந்தாள், என் நாத்தனார்,
மடியில் பாஞ்சோவுடன்.
மெதுவாக வாசிக்க அவளுக்குத் தெரியாது,
கற்றுக்கொள்ளும் உத்தேசமும் இல்லை.
வாகன நிறுத்தத்தில் மூன்றையும் வைத்து
தடித்த பிக்கால் அடித்தேன்.

மெல்லிடையாள் வாயசைத்தாள், அவ்வளவுதான்.
ரோஸ்வுட்காரி முழங்கினாள்,
என்ன சொல்கிறாள் என்றுதான் விளங்கவில்லை.
சுள்ளி பேசியது.
தகரக் கூரையில் ஆலங்கட்டி போல
ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக, எண்ணிக்கொள்ளலாம்.
பாஞ்சோவை நிறுத்தாமலே டிரெஸ்ஸி
தாடையால் அதைக் காட்டினாள்.

முந்நூற்று எண்பது, என்றான் ஹோபர்ட்.
இருப்பதைச் சொன்னேன்.
பெட்டியை நான் வைத்துக்கொள்கிறேன், என்றான்.
எங்கள் இருவருக்கும் நடுவில் அமர்த்தி
சீட் பெல்ட் போட்டுக் கொண்டுவந்தோம்.

வெள்ளிக்கிழமை, தீயணைப்பு நிலையம்.
வண்டியை வெளியே நிறுத்திவிட்டு
அந்த இடத்தில் நாற்காலி போட்டு வட்டமாக உட்காருவோம்.
எதிரே வெஸ்டல், சுரங்கம் மூடியதிலிருந்து வேலை இல்லாதவர்,
இரவல் மாண்டலினோடு.
என்னைப் பார்க்கவில்லை.
என் மடியைப் பார்த்தார்.

அப்போது புரிந்தது.
புரிந்த நேரத்தில்தானா என் முறை வர வேண்டும்?
பதினாறு தாளக்கட்டு.
ஏழாவதில் தடுக்கி எட்டாவதில் எழுந்தேன்,
அந்தக் கொக்கிக் கோடுகள்
சட்டையைத் தாண்டி வயிற்றில் உறுத்தின.

காப்பிப் பாத்திரத்தருகே வந்து நின்றார்.
"குளிரில் மூன்றாம் தந்தி ஒன்பதாம் கட்டில் இரையும்.
உள்ளே இருக்கும் கம்பியைக் கால் திருகு.
இடப்பக்கமாக."
ஒரு பாட்டு வாசிக்கிறீர்களா என்று நீட்டினேன்.
கையைக் கால்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு,
"நல்ல சத்தம் வருகிறது உனக்கு" என்றார்.
கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனார்.

ஜனவரி பிறந்ததும் இரைந்தது,
மூன்றாம் தந்தி, ஒன்பதாம் கட்டு, சொன்னபடியே.
திருகு சாவியை ஓட்டைக்குள் விட்டு
அப்படியே உட்கார்ந்திருக்கிறேன்.
இடது என்றாரே,
தலைப்பக்கம் நின்று பார்த்தாலா,
வயிற்றுப்பக்கம் நின்று பார்த்தாலா?

மூன்று வெள்ளிக்கிழமையாக
அவர் நாற்காலி மடக்கியே கிடக்கிறது.