நான்காம் வரிசை

செய்தி வருமுன்
அதன் காலடி கேட்கும்.
டிர்ர்டிக் டிர்ர்டிக் டிர்ர்—
ஹெட்போனுக்குள், காதுக்கு வெகு அருகில்.

இலுலிசாட்டின் குட்டை ஓடுபாதைக்கு ஒன்பது மைல்.
கீழே மேகம். மேகத்துக்கும் கீழே எங்கோ டிஸ்கோ வளைகுடா,
அதில் யாரும் கணக்கு வைக்காத பனிமலைகள்.
தரையிலிருந்து பிபாலுக் காற்றைச் சொல்கிறாள்:
திசை இருநூற்று நாற்பது, வேகம் பதினெட்டு,
வீச்சு முப்பத்து—
டிர்ர்டிக் டிர்ர்டிக்.

முப்பத்து எத்தனை?
முப்பத்தொன்று என்றால் இறங்கலாம்.
முப்பத்தாறு என்றால் வந்த வழியே போக வேண்டும்.
நடுவில் கிடக்கும் அந்த ஐந்துக்குள்
இருபத்தொன்பது பேர் பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

"மறுபடி சொல்லுங்கள்" என்றேன்.
உயார்நெக் வாய் திறக்கவில்லை.
கேப்டன்கள் கோபத்தை இறங்கிய பிறகுதான் பிரிப்பார்கள்.

நானோ அதற்குள் ஆளைப் பிடித்துவிட்டேன்:
நான்காம் வரிசை. சீல் தோல் கையுறை.
மடியில் கயிறு கட்டிய பெட்டி.
கதவு சாத்தும்போதும் பேசிக்கொண்டிருந்தவன்.

கைப்பேசியைச் சொல்லிக் குற்றமில்லை.
சிக்னல் மங்க மங்க
அது வாயை மூடாது, குரலை உயர்த்தும்.
எட்டாதவர்களிடம் நாமும் அப்படித்தானே.

"முப்பத்தொன்று."
இம்முறை தெளிவாக.
சக்கரம் தரையைத் தொட்டது,
மனம் மாறி எழும்பியது, மறுபடி தொட்டது.

வாசலில் நின்று அவனை முறைத்தேன்.
அவன் சிரித்தான்.
பெட்டியில் கோழி முட்டையாம், ஐந்து டஜன்,
ஒன்றுகூட உடையவில்லையாம்.
கையுறையைக் கழற்றிக் கை கொடுத்தான்.
சூடான கை.

பிறகுதான்
என் இருக்கைக்குப் பின்னால், கொக்கியில்,
என் கோட்டுப்பைக்குள் வெளிச்சம்.
தம்பி அனுப்பியிருந்தான்:
நாய் ஈன்றுவிட்டது. ஏழு. ஒன்று மட்டும் வெள்ளை.
எங்கே இருக்கிறாய்?

எங்கே இருந்தேன் என்று சொல்வது?
முப்பதுக்கும் ஒன்றுக்கும் நடுவில்.

உயார்நெக் எட்டிப் பார்த்துப் படித்தார்.
"ஏழுமே உயிரோடா?"
"எழுதவில்லை."
"கேள்" என்று சொல்லி
அறிக்கைத் தாளை என் பக்கம் தள்ளினார்.

இரைச்சலின் மூலம் என்ற கட்டத்தில்
பயணி என்று
ஏற்கெனவே பென்சிலில் எழுதி வைத்திருந்தேன்.
அழிப்பான் இருவரிடமும் இல்லை.
அடித்துவிட்டு
அவரிடம் பேனா கேட்டேன்.