தொப்பி யாரிடம்

எஞ்சினைச் செய்த கம்பெனி கடையைக் கட்டி
ஒன்பது வருஷம்.
உரிமத்தைப் புதுப்பிக்கும் சர்வரும் எங்கோ அணைந்துவிட்டது.
திறக்க ஒரே வழி,
கணினியின் கடிகாரத்தைப் பின்னுக்குத் திருகி
அது உயிரோடிருந்த ஒரு மார்ச் மாதத்தில்
கொண்டுபோய் நிறுத்துவது.

ஆகவே வால்டிவியாவின் இந்த மழையில்
இன்று காலை நான் போட்ட கமிட்
நாங்கள் வேலையைத் தொடங்கிய நாளுக்கும் முந்தியது.
பதிவேட்டில் பிள்ளை முதலில் பிறந்து
அப்பனுக்காகக் காத்திருக்கிறது.

கோட் சாதுப் பிராணி.
எந்த வரியில் கை வைத்தாய் என்று கேட்டால் சொல்லிவிடும்.
வரைபடக் கோப்பு அப்படியில்லை, ஒரே கட்டி.
சும்மா திறந்து மூடினாலும்
முழுதும் மாறிவிட்டதாகச் சாதிக்கும்.
“ஒன்றும் செய்யவில்லை, எட்டிப் பார்த்தேன்”
என்று இக்னாசியா எழுதிய கமிட் மட்டும் பதினேழு.

இருவர் திருத்தியதை அது சேர்த்துத் தைக்காது.
ஒன்றை வை, ஒன்றைக் கொல்.
அதனால் ஒரு சட்டம் போட்டோம்:
சிலோயே தீவில் பின்னிய சிவப்புக் கம்பளித் தொப்பி
யார் தலையில் இருக்கிறதோ
அவரே வரைபடத்தைத் திறக்கலாம்.
சாப்பிடப் போனாலும் கழற்றமாட்டாள்.
மீன் சந்தைப் படித்துறையில்
கடல்சிங்கங்கள் அவளைப் பார்த்துக் குரைத்தன.

ஆகஸ்டில் அதைத் துவைத்துப் போட்டாள்.
இந்த ஊரில் ஆகஸ்டில் என்ன காயும்?
நான்கு நாள் கொடியில் சொட்டியது.
நான்கு நாளும் அவள் ஆற்றை அகலமாக்கினாள்.
நான் அதே ஆற்றில் பாலம் கட்டினேன்.
என் ஆறு பழைய ஆறு, ஒடுக்கமானது.

மோதல், என்றது திரை.
எதை வைக்க?
நகத்தைக் கடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தவள்
என் பாலத்தை வைத்தாள்.
நன்றி என்றாவது சொல்லியிருக்கலாம்.
“பசிக்குது” என்றேன்.

நேற்றிரவு வேறெதையோ தேடும்போது
ஒரு கிளை கண்ணில் பட்டது. பெயர்: ஈரத்தொப்பி.
திறந்தேன்.
அகல ஆறு அப்படியே இருக்கிறது.
பாலம் இல்லாத இடத்தில் ஒரு படகு கட்டியிருக்கிறாள்,
துடுப்பு இரண்டு ஜோடி.

மூடப் போனால்
எல்லாம் மாறிவிட்டது, சேமிக்கவா என்கிறது.
மூலையில் தேதி அந்த மார்ச்.
அந்த மார்ச்சில் எனக்கு இக்னாசியாவைத் தெரியாது.
அக்கா கல்யாணத்துக்கு ஓசோர்னோ போயிருக்கிறாள்,
தொப்பி அவள் தலையில்.