தண்ணீர் படக் கூடாது

விடிகாலை நான்கு மணிக்கு
நிலவறையில் ஒரு முட்டல்.
பனி அள்ளும் வண்டி சுவரில் மோதியதென்று நினைத்தேன்.
விளக்கைப் போட்டால்
வீடு ஒரு நிழல் கூடுதலாக உடுத்தியிருந்தது.

எண்ணெய் உலை கக்கிய கரி
காற்றுக்குழாய் வழியே ஏறி
திரைச்சீலை, ரொட்டிப் பெட்டி,
மூடிய அலமாரிக்குள் கவிழ்த்த கோப்பை
எதையும் விடவில்லை.
கூரை மூலைகளில் நூல் நூலாய்த் தொங்கியது.
சிலந்தி வலையென்று விளக்குமாற்றை நீட்டினேன்,
தொட்டதும் மையானது.

பழுது பார்க்க வந்த லெவெஸ்க்
நாசிலைக் கழற்றி விரலிடுக்கில் காட்டினார்:
"வாரக்கணக்காய்ச் சொட்டியிருக்கு.
எரியாத எண்ணெய் அடியில தேங்கித் தேங்கி
ஒரே மூச்சில பத்தியிருக்கு.
வாடை வந்திருக்குமே, யாரும் சொல்லலையா?"
ரோசேர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.
ஆற்றுக்கு அக்கரையில்
கனடாவின் ஆலைப்புகை வெள்ளையாய்ப் போனது.

காப்பீட்டுக்காரி ஒவ்வொன்றுக்கும் வயது கேட்டாள்.
சோபா பதினொன்று. விரிப்பு நான்கு.
என் கம்பளிக் கோட்டு, தங்கை இமெல்டாவின் கல்யாணத்துக்கு எடுத்தது,
கணக்குச் சொல்ல வெட்கமாக இருந்தது.
போகும்போது ஒரு பெட்டி ரப்பர் பஞ்சு தந்தாள்.
உலர்ந்த பஞ்சு. மேலிருந்து கீழே. ஒரே இழுப்பு.
தேய்க்கக் கூடாது. தண்ணீர் படக் கூடாது.
பட்டால் சுவர் குடித்துவிடும்.

மூன்றாம் நாள் நடைவழிக்கு வந்தேன்.
படுக்கையறை தொடங்கிக் குளியலறை வரை
இடுப்புக்குச் சற்று மேலே
வரிசையாய்க் கைகள்.
விரல் பிசுக்கில் கரி ஒட்டி
ஒன்றையடுத்து ஒன்று, அகல விரித்து,
சுவிட்சைத் தேடிய இடத்தில் மட்டும் ஒரு கூட்டமாய்.
மோதிர விரல் பாதிதான்:
மறுபாதியை மர அறுவை ஆலை எடுத்துக்கொண்டது.

எத்தனை மாதமாக?
கதவு நிலையில் ஒன்று,
அடுப்படித் திருப்பத்தில் ஒன்று,
நான் தூங்கும் பக்கம், தலைமாட்டில் ஒன்று.

கூடத்தில் அவர் சுவர் துடைக்கும் சத்தம்.
எட்டிப் பார்த்தேன்.
துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தார்,
அத்தனை அக்கறையாக.
ஒரு முழம் தள்ளி அப்படியே கறுப்பு.

"நல்லா வருதா?" என்றார்.
"வருது. செவ்வாய்க்கிழமை கண் டாக்டர்கிட்ட போறோம்.
நான் ஓட்டுறேன்."

பஞ்சின் சத்தம் நின்றது.
உலை இல்லாத வீட்டில் எங்கள் மூச்சு
வெள்ளையாகத் தெரிந்தது.
"சரி" என்றார், வெகு நேரம் கழித்து.

பஞ்சின் கறுத்த முகத்தைத் திருப்பி
முதல் கையின் மேல் வைத்தேன்.
மேலிருந்து கீழே.
ஒரே இழுப்பு.