கமாவுக்குப் பிறகு

கடைசியாக எழுதியது
ஒரு கமாவில் நிற்கிறது.
‘காசி தியேட்டர் சிக்னலில் இன்று
மஞ்சள் ஹெல்மெட் போட்ட ஒரு பெண்,’
அவ்வளவுதான்.
மேலே தேதி இருக்கிறது.
இரண்டு வருடம் ஏழு மாதம் ஆகிறது.
அவள் என்ன செய்தாள் என்று
எனக்கு இப்போது தெரியாது.

ஏன் நிறுத்தினாய் என்று கேட்டால்
சொல்ல ஒன்றுமில்லை.
யாரும் சாகவில்லை.
கை ஒடியவில்லை.
பிடித்த சட்டை ஒன்று
பீரோவில் அடிக்குப் போய்விடுமே, அப்படி.
முதலில் ஒரு திங்கட்கிழமை தவறியது.
நாளைக்குச் சேர்த்து எழுதலாம் என்று ஒரு வாரம்.
அப்புறம் நோட்டு கண்ணில் பட்டாலே
கடன் கொடுத்தவர் தெருவாகத் தெரிந்தது,
சுற்றிக்கொண்டு போனேன்.

ஃப்ரிட்ஜ் மேலேயே கிடந்தது.
பின்பக்கத்திலிருந்து ஹேமலதாவின் கணக்கு
மெல்ல முன்னேறி வந்தது.
14 - கேன் 2.
17 - கேன் 1, பாக்கி 35.
அயர்ன்காரருக்கு 60, சில்லறை இல்லை.
ஒரு நாள் விடாமல்
இந்த வீட்டில் எழுத்து நடந்துகொண்டுதான் இருந்தது.
நான்தான் இல்லை.

மூன்றாவது மாடி ஜெபசீலி
முன்பெல்லாம் டீ நேரத்தில் வாங்கிப் படிப்பவள்,
ஒரு நாள் லிஃப்டில் கேட்டாள்:
“என்ன சார், இப்பல்லாம்
எதையும் பாக்கறதில்லையா?”
எழுதறதில்லையா என்று கேட்கவில்லை.
அன்று கோட்டையிலிருந்து கிண்டி வரை
சீட் காலியாக இருந்தும்
நின்றுகொண்டே வந்தேன்.

புதுசு வாங்கினால் வரும் என்று
பாரிமுனைக்குப் போனேன்.
மொத்தக் கடை. டஜனுக்குக் குறைந்து தரமாட்டார்களாம்.
பன்னிரண்டு நோட்டைத் தூக்கிக்கொண்டு
பஸ்ஸில் தொங்கியபோது
தோள் வலித்தது, பயமாகவும் இருந்தது.
பதினொன்றைப் பையன் கணக்குப் போட எடுத்துக்கொண்டான்.
ஒன்றில் என் பெயர் எழுதி
மூடி வைத்தேன்.

சனிக்கிழமை சாயங்காலம்
பழைய நோட்டோடு காசி சிக்னலுக்கே போய் நின்றேன்.
தினமும் கடக்கிற இடம்தான்,
நின்றதில்லை.
அரைமணி நேரத்தில்
ஒன்பது மஞ்சள் ஹெல்மெட்.
ஸ்கூட்டியில் போனவர்கள் நான்கு,
மெட்ரோ தடுப்புக்கு உள்ளே ஐந்து.
என்னுடைய பெண் எந்தப் பக்கத்தவள்?
அதைக்கூட எழுதாமல்
என்ன எழுதிக்கொண்டிருந்தேன் அப்போது.

கமாவை அப்படியே விட்டேன்.
ஒரு வரி தள்ளி
‘இன்று வெயில்’ என்று எழுதினேன். அடித்தேன்.
ஷேர் ஆட்டோ, ஹாரன், தூசி. அடித்தேன்.
ழகரம் உட்கார மறுத்தது,
வாடகை வீட்டுக்கு வந்த முதல் நாள் மாதிரி
எதை எங்கே வைப்பதென்று
கைக்குத் தெரியவில்லை.

அப்போது டிராஃபிக் போலீஸ்காரர்
பாட்டிலைத் திறந்து இரண்டு மடக்கு குடித்தார்,
மிச்சத்தை
டிவைடர் வெடிப்பில் ஊற்றினார்.
அங்கே ஒரு பப்பாளிக் கன்று, முழங்கால் உயரம்.
புகை படிந்த ஆறு இலை.
சுற்றிலும் மூன்று செங்கல், யாரோ வைத்தது,
அவராகவே இருக்கலாம்.
பச்சை விழுந்தது.
அவர் விசிலோடு நகர்ந்தார்.

இவ்வளவையும் எழுதினேன்.
நன்றாக இல்லை.
‘புகை படிந்த’ என்பதை மட்டும்
வீட்டுக்கு வந்து சரிசெய்தேன்,
திரும்பவும் பழையபடியே ஆக்கினேன்.
நோட்டை ஃப்ரிட்ஜ் மேல் போட்டுவிட்டுத் தூங்கினேன்.

காலையில் தண்ணீர் வந்திருந்தது.
என் கடைசி வரிக்கு நேர் கீழே
ஹேமலதாவின் சாய்ந்த கையெழுத்து:
கேன் 2.
பப்பாளி ஆணா பெண்ணா?

பூத்தால்தான் தெரியும்.
நாலைந்து மாதம் ஆகும்.