சீட்டு இருக்கா

ராயக்கோட்டை ரோட்டில்
ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தேன்.
மணி பத்தே முக்கால்.
மாங்கூழ் ஆலைக்குப் போகும் லாரிகளின் வாசனை.
குனிந்து உள்ளே வந்தது
முதலில் ஒரு முழங்கால்,
பிறகு அதைச் சுமந்துகொண்டு
வேடியப்பன்.

போன வாரம்தான்
எங்கள் வீட்டு டிவியில் அவனை
வாய்க்கு வந்தபடி திட்டியிருந்தேன்.
கடைசி ரெய்டு.
போனஸ் கோட்டுக்கு ஒரு சாண் முன்னால்
கால் மடங்கி விழுந்தான்.
"நடிக்கிறான் பாரு" என்று
ரிமோட்டை எறிந்தேன்.
பேட்டரி மூடி இன்னும் கிடைக்கவில்லை.

"நீ கேப் இருக்குதாக்கா?"

டிவியில் தெரிவதைவிடக் குள்ளம்.
சட்டைப் பையில் டோல்கேட் ரசீது.
டேப்பை நீட்டினேன்,
அவனே அளந்துகொண்டான்.
பதினேழு அங்குலம்.
லட்சம் பேர் பார்க்கும் காலின் அளவு
இப்போது இரண்டு பேருக்குத் தெரியும்.

அப்புறம் தெருவை ஒருமுறை பார்த்துவிட்டு
ஓர் ஊசி மருந்தின் பெயரைச் சொன்னான்.
இரண்டு நாள் வலியை மறக்கடிக்கும்,
மூன்றாம் நாள் மூட்டைக் கேட்கும் மருந்து.
முதலாளி சென்னப்பன் இருந்திருந்தால்
தோளில் கைபோட்டு ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டு
இரண்டாகவே கொடுத்திருப்பார்.

"சீட்டு இருக்கா?" என்றேன்.

அவன் சிரித்தான்.
அது எனக்கான சிரிப்பு இல்லை.
பஸ் நிலையத்தில், கல்யாண மண்டபத்தில்,
தட்டில் சோறு பாதி இருக்கும்போது
போனை நீட்டுகிறவர்களுக்காக
தயாராக வைத்திருக்கும் சிரிப்பு.
என் சுடிதார் பையில் போன்
தொடையைச் சுட்டுக்கொண்டிருந்தது.
அண்ணன் மகன் நம்பவே மாட்டான்.

பில் புத்தகத்தைத் திறந்தேன்.
"பேரு?"

ரவுண்டானாவில் பன்னிரண்டடி ஃப்ளெக்ஸில்
அந்த முகம்தான் நிற்கிறது.
ஒரு நொடி என்னைப் பார்த்தான்.
"வேடியப்பன்."
"இனிஷியல்?"
"மா."
"வயசு?"
"இருபத்தொம்பது."
டிவியில் இருபத்தாறு என்று போடுவார்கள்.

இதுதான் மரியாதை என்று
எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.
மூச்சைப் பிடித்துக்கொண்டு அவன் பக்கம் போய்
யாரையும் தொடாமல்
நடுக்கோட்டுக்குத் திரும்பிவிடுவது.
எதற்கும் புள்ளி கேட்காமல்.

நீ கேப்பைக் கவரில் போட்டேன்.
சில்லறைக்குப் பதில் மிட்டாய் தரவில்லை.
ஐந்து ரூபாயைத் தேடிக் கொடுத்தேன்.

"கபடி பாக்கறதில்லையாக்கா?"

மெதுவாகத்தான் கேட்டான்,
மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னா பின்னா
என்று கேட்பதுபோல.
இல்லை என்றால் பொய்.
ஆமாம் என்றால்
அந்த ரிமோட் வரை சொல்ல வேண்டிவரும்.
"வீட்ல பாப்பாங்க" என்றேன்.

அவன் முகத்தில் ஏதோ ஒன்று உட்கார்ந்துகொண்டது.
நிம்மதியா, ஏமாற்றமா.
நான் டி.ஃபார்ம் படித்தவள்.
மருந்துக்குத்தான் கையெழுத்து படிப்பேன்.

ஷட்டருக்கடியில் அவன் குனிய
மேலே தூக்கிப் பிடித்தேன்.
"ஐஸ் வைங்க. மாடி ஏறாதீங்க.
ஸ்கேன் எடுக்காம ஊசி போட்டுக்காதீங்க.
ஒரு சாண் முன்னாடி விழுந்த கால்,
அவசரப்பட்டா..."

நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

ரோட்டில் இறங்கிவிட்டவன்
நின்று திரும்பினான்.
"முக்கா சாணுக்கா" என்றான்.
"ரீப்ளேல பாத்தேன்."

இந்த முறை பல்லெல்லாம் தெரிந்தது.
மேல்வரிசையில் ஒன்று உடைந்திருந்தது;
ஃப்ளெக்ஸில் அது முழுசாக இருக்கிறது.

ஆட்டோ போன பிறகும்
ஷட்டரைப் பிடித்தபடி நின்றிருந்தேன்.
கல்லாவில் பில்லின் கார்பன் நகல்:
மா. வேடியப்பன், 29.
நீ கேப், எல் சைஸ், ஒன்று.
கையெழுத்து என்னுடையது.
நாளைக்கு மற்ற பில்களோடு
ஆடிட்டருக்குப் போய்விடும்.