இருபத்து நான்காவது கூறு

ஆரம்பாக்கத்தில் இறங்கி ஷேர் ஆட்டோ,
ஆட்டோ நின்ற இடத்திலிருந்து
உப்புப் பூத்த மண்ணில் நடை.
ஓட்டுக்கண்டிகை யானாதி காலனிக்குப்
பலகை எதுவும் இல்லை.
செல்போன் ஆந்திராவுக்கு வரவேற்றது,
பத்தடியில் தமிழ்நாட்டுக்கு வரவேற்றது,
மறுபடி ஆந்திரா.
கால் நனைந்ததுதான் மிச்சம்.

இருபத்து மூன்று வீடு என்றது பழைய பட்டியல்.
பதினான்கில் ஆள். ஒன்பதில் பூட்டு.
பூட்டியது என்று எழுதிவிட்டு
அடுத்ததுக்குப் போகலாம், விதி அப்படி.
ஆனால் ஒன்பது சாவியும்
அங்கம்மா கழுத்துக் கயிற்றில் ஊக்கில் தொங்கின.
கேட்காமலே ஒவ்வொன்றாய்த் திறந்தாள்:
போலம்மா வீட்டில் கவிழ்த்த குண்டான்,
செஞ்சையா வீட்டில் சக்கரம் கழற்றிய சைக்கிள்,
கடைசி வீட்டில்
ஒரு கோழி அடையிருந்தது.
வீட்டுக்காரி மாதிரி என்னைப் பார்த்துச் சிலிர்த்தது.

"சேம்பர்ல இருக்காங்க சார். தை பொறந்ததும் லாரி வந்துச்சு.
மழை விழுந்தா கல்லு காயாது, அனுப்பிடுவாங்க."
அவர்கள் சின்னவன் பிறந்ததும் சூளையில்தானாம்.
எந்தச் சூளை, எந்த ஊர் என்றேன்.
"ரெண்டு புகைக்கூண்டு இருக்கும்."

முதன்மைத் தொழில்: ஒன்றுதான் எழுத இடம்.
கோட்டையா விரல் விட்டான்.
அறுப்பு முடிந்தால் எலி வளை,
எலி சேர்த்த நெல்லும் சேர்த்து;
இறால் பண்ணையில் ராத்திரிக் காவல்,
அங்கே இறாலைத் தொட்டால் திருட்டு;
தண்ணீர் இறங்கினால் ஏரி.
சுண்டுவிரல் பாதிதான் இருந்தது.
நான் கேட்கவில்லை.
"அது சவுக்கு வெட்டு" என்றான்.
கூலி என்று எழுதினேன்.
இரண்டெழுத்து. கட்டத்தில் நிறைய இடம் மீந்தது.

பெண்களின் விவரத்துக்கு ஏரிக்கரையில் நின்றேன்.
முழங்கால் தண்ணீரில் குந்தி,
பத்து விரலும் சேற்றுக்குள்,
பறியின் கயிறு பல்லில்.
பேரென்ன என்று கத்தினேன்.
கயிற்றை விட்டுப் பதில் சொன்னால்
பிடித்ததெல்லாம் போய்விடும்.
இரண்டரை மணிநேரம்
ஒருத்தியும் பேர் சொல்லவில்லை.

மதியம் சிமெண்டுச் சாக்கை விரித்து
அங்கம்மா கூறு போட்டாள்.
தராசு இல்லை, கைதான்.
ஒன்று மெலிந்தால் பக்கத்திலிருந்து ஒரு கிள்ளு.
எண்ணுவது என் வேலை, எண்ணினேன்:
இருபத்து மூன்று.
"பூட்டின வீட்டுக்குமா?"
"வித்து டப்பால போடுவேன்.
வாங்கின முன்பணத்துல அவ்வளவு கொறையுமே."
குறைந்திருக்கிறதா?
"கொறைஞ்சதில்ல" என்றாள்,
கோழி வீட்டுக் கூறைச் சரிசெய்துகொண்டே.

பிறகு எல்லாக் கூறிலும் ஒவ்வொன்றாய் எடுத்து
ஓரத்தில் இன்னொன்று சேர்த்து
என் பக்கம் தள்ளினாள்.
இன்று சனிக்கிழமை, நான் கவிச்சி தொடுவதில்லை.
சொல்ல வாயெடுத்தேன்.
பல்லுக்கிடையில் ஏதோ கயிறு.

படிவம் வைத்திருந்த பிளாஸ்டிக் உறையில்
இருபத்து மூன்று இறால்.
படிவங்கள் மடியில்.
எளாவூர் தாண்டும்போது
பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து போய்விட்டார்.
மேற்பார்வையாளர் போனில் கேட்டார், ஆள் எத்தனை?
நாற்பத்தாறு.
வீடு?
இருபத்து நான்கு என்று வந்துவிட்டது வாயில்.
பட்டியலைப் பார்த்துச் சொல்லுங்கள் என்றார்.